ஒரு சர்க்கரைத் திருட்டும் ஒரு லட்சம் மேற்கோளும்

1877 ஜூலை மாத 'மைண்ட்' ஆய்விதழில் ஒரு சர்க்கரைத் திருட்டு அச்சாகியிருக்கிறது. திருடனுக்கு வயது இரண்டேமுக்கால்கூட நிரம்பவில்லை. சாப்பாட்டு அறையிலிருந்து கண்கள் பளபளக்க, ஒரு தினுசான முகத்தோடு வெளியே வந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் பொடித்த சர்க்கரையில் கை வைத்திருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அதே அறை, அதே ஆசாமி. இந்த முறை சட்டைமேல் கட்டியிருந்த துணியைப் பத்திரமாகச் சுருட்டிப் பிடித்திருந்தான். பிரித்தால் மஞ்சளாக ஊறுகாய்ச் சாறு. கையும் களவுமாகப் பிடித்தவர் அப்பா. அப்பா பெயர் சார்லஸ் டார்வின்.

இரண்டு அதட்டல் போட்டிருந்தால் சங்கதி வீட்டோடு முடிந்திருக்கும். டார்வின் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பிள்ளை பிறந்த வாரத்திலிருந்தே எழுதிவந்த நோட்டு அது. தும்மியது, விக்கியது, கொட்டாவி விட்டது எல்லாம் அதில் உண்டு. ஒருநாள் குழந்தையின் பக்கத்தில் நின்று திடீரென்று பெரிதாகக் குறட்டை விட்டுப் பார்த்தார். குழந்தை முகம் சுருங்கி அழுதது. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு நோட்டைப் பல வருஷம் மூட்டை கட்டி வைத்துவிட்டார். நடுவில் உயிரினங்களின் தோற்றம் பற்றி ஏதோ புத்தக வேலை வந்துவிட்டது. ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொண்டதைப் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரையை 'மைண்ட்' இதழில் பார்த்த பிறகுதான், நம்மிடமும் சரக்கு இருக்கிறதே என்று தூசி தட்டினார். கட்டுரை வெளிவந்தபோது திருடன் வில்லியம் டார்வினுக்கு வயது 37. தொழில், சவுத்தாம்ப்டனில் வங்கி. ஊரார் பணத்தை நம்பிக் கொடுத்துவைத்திருக்கும் மனிதரின் செல்லப்பெயர் 'டாடி' என்பதையும் அவருடைய ஆரம்பகாலக் கைவரிசையையும் பெற்ற தகப்பனே அச்சேற்றினார்.

இதை இன்று ஓர் உளவியல் ஆய்விதழுக்கு அனுப்பிப் பாருங்கள். மாதிரி அளவு: ஒன்று. மாதிரி கிடைத்த இடம்: வீடு. ஆய்வாளருக்கும் ஆய்வுக்குட்பட்டவருக்கும் உறவு: தகப்பன், பிள்ளை. ஒப்புதல் படிவம்: பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மஞ்சள் கறை ஊறுகாய்ச் சாறுதான் என்பதை இன்னொருவர் தனியாகச் சரிபார்த்தாரா என்று மதிப்பாய்வாளர் கேட்பார்.

மனிதர் சொன்னதையும் செய்ததையும் எழுத்தில் பிடித்து, எண்ணாக மாற்றாமல் அதில் பொருள் தேடுவதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர். உளவியலில் இதற்குத் திண்ணையில்தான் பாய், கூடத்தில் இடமில்லை என்று அந்த வட்டாரத்தில் நெடுநாள் புலம்பல் உண்டு. புலம்பலில் பாதிதான் உண்மை. ஒரு கதை ஆதாரமாகக் கருதப்படுவதும் அரட்டையாக ஒதுக்கப்படுவதும் ஆய்விதழின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தே இருந்திருக்கிறது. சாவி வைத்திருந்தவர்கள் ஒற்றைக் குழந்தையைக் காட்டி மனித குலத்துக்கே விதி எழுதினார்கள். சாவி இல்லாதவர்கள் முப்பது கிலோ காகிதத்தோடு வாசலில் நின்றார்கள்.

1879இல் லைப்ஸிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கு ஆய்வுக்கூடம் தொடங்கினார் என்று பாடப் புத்தகங்கள் முதல் அத்தியாயத்திலேயே சூடம் காட்டும். கூடத்தோடு ஓர் ஆய்விதழையும் அவர் தொடங்கிவிட்டார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மாணவர் சோதனை செய்வார், வாத்தியார் அச்சுக்கு அனுப்புவார், அச்சில் ஏற்றுக்கொள்பவரும் வாத்தியாரே. மேல்முறையீட்டுக்கு வேலையில்லை. இதே வுண்ட், மொழி, புராணம், வழக்கம் போன்றவை ஆய்வுக்கூடத்தில் அகப்படாது என்று சொல்லி, 1900 தொடங்கி 1920 வரை பத்துத் தொகுதிகள் எழுதித் தள்ளினார். சீடர்கள் ஆய்வுக்கூடக் கடிகாரங்களை வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். பத்துத் தொகுதியை அங்கேயே விட்டுவிட்டார்கள். எடை காரணமாக இருக்கலாம்.

வூர்ட்ஸ்பர்க்கில் சில இளைஞர்கள், ஆளை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டு, "யோசிக்கும்போது மனதில் என்ன ஓடியது?" என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். நேர்காணல் ஆய்வுக்குக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். 1907இல் வுண்ட் தன் சொந்த இதழில் கிட்டத்தட்ட அறுபது பக்கத்துக்கு அவர்களைக் கிழித்துப் போட்டார். இதெல்லாம் போலிச் சோதனை என்றார். கடுமையான மதிப்பாய்வாளர் அறிக்கை என்று இன்று அழுகிறவர்கள் இந்த அறுபது பக்கத்தை நினைத்து ஆறுதல் அடையலாம்.

சாவியின் அருமையை முழுதாகப் புரிந்துகொண்டவர் வியன்னாவில் இருந்தார். சிக்மண்ட் ஃப்ராய்ட் 1901 ஜனவரியில் 'டோரா' என்ற பெண்ணின் கதையை எழுதி முடித்தார். அது அச்சில் வந்தது 1905இல். அப்புறம் அவர் காத்திருக்கவில்லை. 1909இல் ஓர் ஆண்டிதழ், 1912இல் 'இமாகோ', 1913இல் இன்னொன்று, 1919இல் சொந்தப் பதிப்பகம். கடைத்தெருவில் இடம் கிடைக்காதவர் கடைத்தெருவையே கட்டிக்கொண்டார்.

1909 ஆண்டிதழின் முதல் தொகுதியில் வந்ததுதான் 'குட்டி ஹான்ஸ்'. ஐந்து வயதுப் பையனுக்குக் குதிரை என்றால் பயம். வண்டியெல்லாம் குதிரையில் ஓடிய வியன்னாவில் இது சிரமமான பயம். தகவல் சேகரித்தவர் பையனின் அப்பா, மாக்ஸ் கிராஃப் என்ற இசை விமர்சகர். கேள்வி கேட்டவர் அப்பா. பதிலை எழுதிக் கடிதம் போட்டவர் அப்பா. சிகிச்சைக்காக ஃப்ராய்ட் பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. இறுதியில் வெளிப்பட்ட முடிவு: பையன் பயப்படுவது குதிரைக்கு அல்ல, அப்பாவுக்கு. மேற்படி அப்பா இதை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். விசாரணை அதிகாரியே குற்றவாளி என்று தீர்ப்பாகி, அவரே கைதட்டிய வழக்கு வேறு எங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பங்கேற்பாளரிடமே முடிவைக் காட்டி "சரிதானே?" என்று கேட்பது இன்றைய பண்புசார் ஆய்வில் ஒரு சடங்கு. ஹான்ஸ் விஷயத்தில் அது பதின்மூன்று வருஷம் தாமதமாக நடந்தது. 1922இல், 19 வயது இளைஞனாக ஃப்ராய்ட் வீட்டுக்கு வந்தவன், கட்டுரையைப் படித்தபோது யாரோ அந்நியனைப் பற்றிப் படித்ததுபோல் இருந்தது, ஒன்றும் நினைவில்லை என்றான். ஃப்ராய்ட் அதையும் ஒரு பின்குறிப்பாகச் சேர்த்து, தன் கோட்பாட்டுக்குத் தோதாகவே விளக்கிக்கொண்டார். பையன் ஹெர்பர்ட் கிராஃப் பிற்பாடு நியூயார்க்கில் புகழ்பெற்ற ஓபெரா இயக்குநரானார். ஃப்ராய்டுக்கு 1930இல் கிடைத்தது கோத்தே பரிசு. தன்னுடைய நோயாளிக் குறிப்புகள் சிறுகதைபோல இருக்கின்றனவே என்று அவரே 1895இல் அங்கலாய்த்திருந்தார். ஃபிராங்க்ஃபர்ட் நகரம் அதை ஒரு குறையாகப் பார்க்கவில்லை.

இந்தக் கதைகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கக் கிளம்பியவர் அமெரிக்காவின் ஜான் வாட்சன். மனசு, நினைவு, உள்நோக்கு எல்லாம் குப்பை. கண்ணுக்குத் தெரிகிற நடத்தைதான் அறிவியல் என்று 1913இல் 'சைக்கலாஜிகல் ரிவ்யூ' இதழில் பிரகடனம் செய்தார். அப்போது அந்த இதழின் ஆசிரியர் வாட்சன். 1920இல் 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி' இதழில், ஆல்பர்ட் என்ற பதினோரு மாதக் குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டி, தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியால் ஓங்கி அடித்து, எலியைக் கண்டால் அலறவைத்த கதையை ரோசலி ரேனரோடு சேர்ந்து எழுதினார். அந்த இதழின் ஆசிரியரும் வாட்சன்தான். கணக்குப் போட்டால் மாதிரி அளவு மறுபடியும் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழந்தை கிடையாது. புள்ளியியல் ஒரு வரி கிடையாது. நாள்வாரியாக "குழந்தை முனகியது, கையை இழுத்துக்கொண்டது" என்று எழுதிய குறிப்புகள்தாம் மொத்தச் சரக்கு. டார்வின் வீட்டு நோட்டிலிருந்து இது எந்த விதத்தில் வேறு என்று கேட்டால், டார்வின் குறட்டையோடு நிறுத்திக்கொண்டார் என்பதுதான்.

இருபது வருஷம் கழித்து ஆல்பர்ட் ஒரு ஃப்ராய்டியரிடம் போய் மாட்டினால் அவர் என்னென்ன கண்டுபிடிப்பார் என்று கட்டுரையின் கடைசியில் வாட்சன் நக்கல் வேறு அடித்திருக்கிறார். அதே ஆண்டு ரேனரோடு இருந்த காதல் விவகாரம் வெளியாகி, பல்கலைக்கழகம் வாட்சனை வீட்டுக்கு அனுப்பியது. அவர் ஜே. வால்டர் தாம்ப்ஸன் விளம்பர நிறுவனத்துக்குப் போய் முன்பைவிட நன்றாகவே சம்பாதித்தார்.

1920இல் இன்னொரு சந்திப்பும் நடந்தது. 22 வயது கார்டன் ஆல்போர்ட் வியன்னாவில் ஃப்ராய்டைப் பார்க்கப் போனார். பெரியவர் பேசாமல் உட்கார்ந்திருக்கவே, மௌனம் தாங்காமல் டிராமில் பார்த்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னார். அழுக்கென்றால் பதறும் பையன், கஞ்சி போட்ட உடையில் விறைப்பான அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃப்ராய்ட் கனிவோடு விசாரித்தாராம்: அந்தச் சிறுவன் நீங்கள்தானா? ஆல்போர்ட் இதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மனிதரை நேராகக் கேட்டாலே சொல்வார், தோண்ட வேண்டாம் என்ற கட்சிக்குத் தலைவரானார். கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றை உளவியலில் எப்படிப் பயன்படுத்துவது என்று 1942இல் ஒரு நூலே எழுதினார். 1946இல் 'ஜென்னியின் கடிதங்கள்' என்று ஒரு தாயின் கடிதக் கட்டு ஆய்விதழில் வெளியானது. பெற்ற மகனைப் பற்றிய புகார்தான் அதில் முக்கால்வாசி. எழுதியவர் பெயர் இல்லை. வெளியிட்ட இதழின் ஆசிரியர் ஆல்போர்ட். கடிதங்கள் போய்ச் சேர்ந்ததும் ஆல்போர்ட் தம்பதியின் விலாசத்துக்குத்தான் என்று பிற்பாடு தெரியவந்தது. நல்ல மனிதர்தான், சந்தேகமில்லை; ஆனாலும் சாவி இவர் இடுப்பிலும் இருந்தது.

இனி சாவி இல்லாதவர்கள். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்று ஒரு ஆலை ஊர். ஆலை மூடிவிட்டது, 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் யாருக்கும் வேலை இல்லை. மரீ யஹோடாவும் பவுல் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் ட்ஸைஸெலும் ஒரு குழுவோடு அங்கே போனார்கள். சும்மா வேடிக்கை பார்க்க யாரும் போகக்கூடாது, ஊருக்கு ஏதாவது உபயோகமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே பழைய துணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவரை வரவழைத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். ஊடாகக் கவனித்தார்கள். குழந்தைகள் கிறிஸ்துமஸுக்கு என்ன கேட்கிறார்கள், வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லாம். வேலை போனவர்களுக்கு நேரம் கொட்டிக் கிடந்தும், கட்டணத்தை எடுத்துவிட்டும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகச் சரிந்தது. தெருவில் நடப்பவர்களை ஒளிந்திருந்து கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள், பெண்கள் விறுவிறுவென்று போனார்கள். எந்த ஆலை மூடினாலும் அடுப்படி மூடுவதில்லையே. சேர்ந்த குறிப்புகள் முப்பது கிலோ.

1933இல் லைப்ஸிக்கில் புத்தகம் வந்தது. ஆண்டைக் கவனியுங்கள். ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. பிரதிகளில் பெரும்பகுதி பிறகு நெருப்புக்குப் போனது. யஹோடா சிறைக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனார். ஆங்கிலத்தில் நூல் வெளிவந்தது 1971இல். மதிப்பாய்வு தாமதமாகிறது என்று குறைப்படுகிறவர்கள் இந்த முப்பத்தெட்டு வருஷத்தையும் ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம்.

சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் லூரியாவின் கதை இன்னும் நீளம். 1931லும் 1932லும் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளோடு டீ குடித்துக்கொண்டே தர்க்கப் புதிர் போட்டார். பனி கொட்டும் தூர வடக்கில் கரடியெல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? நான் அங்கே போனதில்லை, பார்க்காததைப் பற்றிப் பேசுவதில்லை என்ற பொருளில் ஒரு விவசாயி பதில் சொன்னார். லூரியா இதை அருவச் சிந்தனைப் பழக்கம் இல்லாததற்கு அடையாளமாக எழுதிக்கொண்டார். எனக்கென்னவோ, அந்த ஆய்வில் முறையியல் ஒழுக்கம் அதிகம் இருந்தவர் அந்த விவசாயி என்று படுகிறது. சோசலிசக் குடிமக்களை மட்டம் தட்டுகிறாயா என்று கட்சிக்காரர்கள் பாய்ந்தார்கள். குறிப்புகள் மேசை இழுப்பறைக்குள் போயின. ரஷ்ய மொழியில் புத்தகம் வந்தது 1974இல்.

நடுவில் அமெரிக்காவில் எண்கள் முடிசூட்டிக்கொண்டன. 'எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி' இதழை, அதாவது வாட்சன் ஒற்றைக் குழந்தையை அச்சேற்றிய அதே இதழை, பன்னிரண்டு வருஷம் நடத்திவிட்டு இறங்கிய ஆர்தர் மெல்ட்டன் 1962இல் ஒரு தலையங்கம் எழுதினார். நூற்றுக்கு ஐந்து தற்செயல் வாய்ப்பு என்ற அளவோடு வருகிற முடிவை அச்சேற்றத் தயங்கினோம், நூற்றுக்கு ஒன்றாவது வேண்டும் என்பது அதன் சாரம். வாட்சன் உயிரோடு இருந்து ஆல்பர்ட் கட்டுரையை மறுபடி அனுப்பியிருந்தால் அன்றே திரும்பி வந்திருக்கும். நடத்தைவாதிகளுக்கே அந்த கதிதான். விரல்விட்டு எண்ணக்கூடிய புறாக்களை வைத்து வேலை செய்த ஸ்கின்னர் கூட்டத்தாரிடம் புள்ளியியல் எங்கே என்று இதழ்கள் கேட்டன. அவர்கள் 1958இல் தங்களுக்கென்று ஓர் இதழ் தொடங்கிக்கொண்டார்கள். எண்கள் இருந்தால் மட்டும் எதற்கும் அனுமதி உண்டு. நாளை நடப்பதை இன்றே உணரும் சக்தி மனிதருக்கு உண்டு என்று ஒன்பது சோதனைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களும் கொண்டு டேரில் பெம் எழுதியதை, 2011இல் அந்தத் துறையின் முதல்தர இதழ் ஒன்று முறைப்படி மதிப்பாய்வு செய்து வெளியிட்டது.

இதற்கிடையில் ஒரு கதை மட்டும் முன்வாசல் வழியாக ராஜநடை போட்டு உள்ளே போனது. டேவிட் ரோசன்ஹான் 1973இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. தெளிந்த புத்தியுள்ள எட்டுப் பேர், காதில் ஏதோ குரல் கேட்கிறது என்று சொல்லி மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் சாதாரணமாக நடந்துகொண்டார்கள். மருத்துவர்களுக்குத் தெரியவில்லை, உடனிருந்த நோயாளிகள் பலர் கண்டுபிடித்துவிட்டார்கள். குறிப்பெடுத்ததைப் பார்த்த செவிலியர், எழுதும் நடத்தையில் ஈடுபடுகிறார் என்று பதிவேட்டில் எழுதினாராம். பண்புசார் ஆய்வாளர் எவரையும் இவ்வளவு கச்சிதமாக வேறு யாரும் வருணித்ததில்லை. 2019இல் வெளிவந்த தன் நூலுக்காகச் சூசன்னா கஹலன் என்ற பத்திரிகையாளர் அந்த எட்டுப் பேரைத் தேடிப் போனார். ரோசன்ஹானைத் தவிர ஒருவரைத்தான் உறுதிப்படுத்த முடிந்தது. ஒன்பதாவதாக ஒருவரும் கிடைத்தார்; மருத்துவமனை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது, அவரை ஆய்வில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ரோசன்ஹானின் மருத்துவக் கோப்பைப் பார்த்தால், குரலோடு நிறுத்தாமல் இன்னும் பல அறிகுறிகளை அவர் அள்ளிவிட்டிருக்கிறார். உலகத்தின் மிகக் கறாரான இதழ்களில் ஒன்று இதையெல்லாம் கேட்கவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

சமூகவியல் பக்கம் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும், மரணப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனித்த அனுபவத்தில், தகவலிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் வழி ஒன்றை 1967இல் சொன்னார்கள். உளவியலாளர்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள், கையில் காட்ட ஒரு முறையின் பெயர் கிடைத்ததே என்று. 1990இல் ஸ்ட்ராஸ், ஜூலியட் கார்பினோடு சேர்ந்து அதற்கு ஒரு கையேடு போட்டார். கிளேசர் கொதித்துப்போய், புத்தகத்தைத் திரும்பப் பெறு என்று கடிதம் எழுதினார், ஸ்ட்ராஸ் அசையவில்லை. 1992இல் கிளேசர் மறுப்பு நூல் எழுதி வெளியிட்டார். பதிப்பகம் அவருடையதே. ஃப்ராய்ட் இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

2016இல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழுக்கு 11 நாடுகளைச் சேர்ந்த 76 கல்வியாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பண்புசார் ஆய்வுகளுக்கு நாங்கள் முன்னுரிமை தருவதில்லை, அவற்றை அதிகம் பேர் மேற்கோள் காட்டமாட்டார்கள் என்கிற ரீதியில் அந்த இதழ் ஆய்வாளர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். மேற்கோள் வராது என்று சொன்னது நல்ல வேடிக்கை. ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முன், 2006இல், பிறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த 'குவாலிட்டேட்டிவ் ரிசர்ச் இன் சைக்காலஜி' என்ற சின்ன இதழில் நியூசிலாந்தின் வர்ஜீனியா பிரவுனும் இங்கிலாந்தின் விக்டோரியா கிளார்க்கும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். நேர்காணல் குறிப்புகளிலிருந்து கருப்பொருள்களைத் திரட்டுவது எப்படி என்று ஆறு கட்டமாகச் சொன்ன கட்டுரை. மாணவர்கள் அதைச் சமையல் குறிப்பாகக் கையில் எடுத்தார்கள். ஒரு சிட்டிகை தன்னாய்வு, தேவைக்கேற்பக் கருப்பொருள், இறக்கும்போது மேற்கோள் தூவவும். அந்த ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்த அறிவியல் துறையிலும் மலைக்க வேண்டிய எண். கடைசியில் எண்ணால்தான் மரியாதை வந்தது.

ஆனால் எழுதிய இருவருக்கும் நிம்மதி இல்லை. கருப்பொருள் தானாக முளைத்து வராது, ஆய்வாளர்தான் உருவாக்குகிறார் என்று அவர்கள் 2006லேயே எழுதியிருந்தார்கள். லட்சம் பேரில் எண்ணற்றவர்கள் அவர்களையே மேற்கோள் காட்டி, ஆறு கருப்பொருள்கள் வெளிப்பட்டன என்று எழுதினார்கள். பிரவுனும் கிளார்க்கும் முறைக்குப் பெயரை மாற்றிப் பார்த்தார்கள். நாங்கள் சொன்னது அதுவல்ல என்று 2019 தொடங்கி கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டிவிட்டு, கருப்பொருள்கள் வெளிப்பட்டன என்று எழுதுகிறார்கள்.

அமெரிக்க உளவியல் சங்கத்தில் பண்புசார் ஆய்வாளர்கள் தனிப் பிரிவு கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அளவீட்டுக்கும் புள்ளியியலுக்குமான ஐந்தாம் பிரிவிலேயே ஒண்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாமியார் வீட்டில் குடியேறியவர்கள் 2014இல் 'குவாலிட்டேட்டிவ் சைக்காலஜி' என்று சங்கத்தின் சொந்த இதழையே கையில் வாங்கிவிட்டார்கள். ஒருவழியாகச் சாவி கைமாறியது. அதே சங்கம் 1929இல் ஏழு பக்கத்தில் தொடங்கிய எழுத்து நடை விதிகள் இன்று நானூறு பக்கத்தைத் தாண்டிய கையேடு. பண்புசார் ஆய்வை எப்படி எழுதி அனுப்புவது என்ற தரநிலைகள் அதில் முதன்முறையாக இடம்பெற்றது 2019இல் வந்த ஏழாம் பதிப்பில்.

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரவுன், கிளார்க் எழுதிய அந்த 2006 கட்டுரை மொத்தமே 25 பக்கம்தான். மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். இருவரும் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாவம், அடுத்த கட்டுரையையாவது வேறு விஷயம் பற்றி எழுதட்டும்.